கொட்டகையை அறையாக்கினோம், சுவர் காய மாட்டேன் என்கிறது

கேள்வி:

வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற பழைய கொட்டகையை இரண்டு வருடத்துக்கு முன்பு அறையாக மாற்றினோம். ஒரு காலத்தில் கால்நடை கட்டிய இடம். அப்புறம் வெகுகாலம் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தோம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பின்பக்கமாகச் சரியும் தகரக் கூரை. தரைக்குக் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினோம். உள்ளே சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங். வெளியே முற்றம் முழுக்க சிமென்ட் கல் பதித்தோம், பின்சுவரை ஒட்டி மண் குவித்துச் செடி வைத்தோம். மகள் அந்த அறையில்தான் படிக்கிறாள், தூங்குகிறாள்.

இப்போது பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உப்புப் பூக்கிறது. வலப்பக்கச் சுவரின் நடுவில் ஒரு திட்டு, மழையே இல்லாத நாளிலும் புழுக்கமாக இருந்தால் கறுத்து ஈரமாகிறது. அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. விடிகாலையில் சீலிங்கிலிருந்து சொட்டுகிறது. ஆள் ஏற்றிப் பார்த்தால் கூரையில் ஓட்டை இல்லை. பெருமழையில் கதவடியில் தண்ணீர் உள்ளே வருகிறது. இடப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் மனை. அங்கே மண் எங்கள் தரையைவிட அரை மீட்டர் உயரம். வாட்டர்புரூஃப் பெயின்ட் ஒரு முறை அடித்தோம், ஆறு மாதத்தில் உரிந்துவிட்டது. ஒப்பந்ததாரர் ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் குத்திக் காட்டி, நான்கு சுவரிலும் துளை போட்டு மருந்து ஏற்றி, உள்பக்கம் முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு போட வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இப்போதைக்குச் செய்ய வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு சுவருக்குப் பொருந்தும் விஷயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே ஓதம் இல்லை. மண்ணிலிருந்து ஏறுவது, கூரையிலிருந்து கொட்டுவது, காற்றிலிருந்து படிவது, சுவருக்குள் இருக்கும் உப்பு இழுப்பது என்று குறைந்தது நான்கு வழிகளில் உங்கள் அறை நனைகிறது. நான்குக்கும் ஒரே பூச்சு மருந்தாகாது. தண்ணீர் சுவரை அண்டாமல் வெளியே திருப்பிவிடுவது முதல் வேலை. அப்புறம் சுவரைக் காயவிட வேண்டும். உள்ளே பூசுவதும் அடிப்பதும் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு நல்ல பொருள் வாங்கினாலும் வீண். உங்கள் பெயின்ட் உரிந்ததற்கும் இதுவே காரணம்: சுவர் வெளியிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது, அது ஆவியாகி வெளியேறும் வழியைப் பெயின்ட் மறித்தது, தண்ணீரோடு வந்த உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் படிகமாகி அதை நெட்டித் தள்ளியது. பெயின்ட் மட்டமானதாக இருந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

வேலைக்கு முன் இரண்டு விஷயம். மகளின் படுக்கையை இந்த வாரமே வேறு அறைக்கு மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த அறையில் இரவெல்லாம் மூச்சு விடுவது நல்லதில்லை. மூச்சிழுப்போ ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பூஞ்சையைத் துடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். அடுத்து, ஈரச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகள். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அந்த அறைக்கு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனி சுவர்கள். எந்த இடம் எப்போது நனைகிறது என்ற குறிப்புதான் இதில் பாதி வைத்தியம். ஒவ்வொரு ஈரத் திட்டையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழைக்கு மறுநாள் கோடு தாண்டிப் பரவினால் அது வெளித் தண்ணீர். மழை இல்லாமல் புழுக்கத்தில் பரவினால் காற்றும் உப்பும். எப்போதும் ஒரே அளவில் இருந்தால் மண்ணிலிருந்து ஏறுவதாகவோ, எங்கோ குழாய் கசிவதாகவோ இருக்கலாம். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் மாட்டுங்கள். சந்தேகம் தீராத சுவரில் ஹோஸ் குழாயால் வெளிப்பக்கம் தண்ணீர் பாய்ச்சி, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கலாம். பாய்ச்சும்போது அடியிலிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் கால் மணி நேரம். மேலே ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் கீழே உள்ள விரிசலிலும் நுழையும், எது வழி என்று கடைசிவரை தெரியாது.

பின்சுவரைப் பற்றி எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. உங்கள் கூரை முழுவதும் பின்பக்கம் சரிகிறது என்கிறீர்கள். 20 சதுர மீட்டர் கூரை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு நல்ல மழையில் 50 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர் தண்ணீர், அத்தனையும் அந்த ஒரே சுவரின் காலடியில் விழுகிறது. அங்கேதான் செடிக்காக மண்ணும் குவித்திருக்கிறீர்கள். கூரை நுனியில் தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதல் செலவு அதுதான். மீட்டருக்கு 3 முதல் 5 மி.மீ. வாட்டம் கொடுத்து வாய்க்கால் மாட்டி, இறங்கு குழாய் வழியாகத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். இருக்கிறதென்றால் மழை பெய்யும்போது போய் நின்று பாருங்கள்; இலை அடைத்து, வழிந்து, சுவரிலேயே இறங்கும் வாய்க்காலை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதே வாரத்தில் மண் குவியலை எடுத்துவிடுங்கள். செடிகளுக்குத் தொட்டி வையுங்கள், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி. செங்கல்லும் காரையும் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுக்கும் பொருள்கள். குடியிருக்கும் வீடு கட்டும்போது இதற்காகத்தான் அடிச்சுவரில் ஈரத்தடுப்புப் படை போடுவது. அது வெளி மண் மட்டத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் தரையில் மோதித் தெறிக்கும் மழை ஏறக்குறைய அந்த உயரம் வரை சுவரை நனைக்கிறது. கொட்டகை கட்டியவர் இதையெல்லாம் செய்திருக்க மாட்டார், அவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் சிமென்ட் கல் பதித்ததில் நீங்கள் முற்றத்தை உயர்த்திவிட்டீர்கள். கல்லும் அதன் கீழ் மணலும் சேர்ந்தால் 10 செ.மீ. எளிதாக வந்துவிடும். கதவடியில் தண்ணீர் வருவதே முற்றம் அறைத் தரைக்குச் சமமாகவோ மேலேயோ இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஆகவே சுவரை ஒட்டி முக்கால் முழ அகலத்துக்குச் சிமென்ட் கற்களைப் பெயர்த்து, வெளி மட்டத்தை உள் தரைக்கு 15 செ.மீ. கீழே கொண்டுவாருங்கள். இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். கொட்டகைகளின் அஸ்திவாரம் ஆழம் குறைவு. சிலவற்றில் மண்ணுக்குள் இரண்டு மூன்று வரிசைக் கல்தான் இருக்கும். முதலில் ஒரே இடத்தில் சிறு குழி தோண்டி அஸ்திவாரத்தின் அடி எங்கே என்று பாருங்கள். அந்த அடிக்குக் கீழே எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது. நீளவாக்கில் ஒரே நாளில் திறந்து போடவும் கூடாது. ஒரு மீட்டர் தோண்டி முடித்துவிட்டு, இடைவெளி விட்டு அடுத்த மீட்டர். ஓதத்தைத் தீர்க்கப் போய்ச் சுவரைச் சாய்த்துவிடக் கூடாது.

மட்டத்தைக் குறைத்த பள்ளத்தில் துளையிட்ட குழாயை 100-க்கு 1 வாட்டத்தில் வைத்து, மண் புகாத வடிதுணி சுற்றி, மேலே சுத்தமான ஜல்லி நிரப்புங்கள். குழாயின் முடிவு உங்கள் மனையில் தாழ்ந்த இடத்திலோ, கட்டடத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளிய உறிஞ்சு குழியிலோ இருக்கட்டும். தண்ணீர் போக முடிவு இல்லாமல் பள்ளம் தோண்டி ஜல்லி மட்டும் கொட்டினால், சுவரோடு ஒட்டி ஒரு தொட்டி கட்டித் தண்ணீர் தேக்கியதாகிவிடும். முன்பைவிட மோசம். அந்தப் பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் தரை, சுவரைவிட்டு விலகி மீட்டருக்கு 5 செ.மீ. சரியட்டும். முற்றம் இப்போது எந்தப் பக்கம் வாட்டமாக இருக்கிறது என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே தெரிந்துவிடும்.

கதவுக்கு இதே வேலை பெரும்பாலும் போதும். கூடவே வாசலுக்கு முன் கம்பி மூடியோடு ஒரு குறுக்கு வாய்க்காலும், கதவடியில் சற்றே உயர்ந்து வெளிப்புறம் சரியும் நிலைக்கல்லும் வையுங்கள்.

இடப்பக்கச் சுவர் வேறு கதை. அங்கே மண்ணை இறக்க உங்களுக்கு உரிமை இல்லை. முடிந்தால் அடுத்த மனைக்காரரிடம் பேசி, சுவரோரம் ஒரு வடிகால் மட்டும் போட அனுமதி கேளுங்கள். அதற்கு ஈடான வேலையை உள்ளே செய்ய மூன்று மடங்கு சிரமம். ஒத்து வரவில்லை என்றால் இந்த ஒரு சுவருக்கு உள்பக்கத் தடுப்புதான் வழி. ஒப்பந்ததாரர் சொன்னதில் பொருந்துவது இதுதான். ஆனாலும் நான் பூச்சைச் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக் காரைச் சுவர் மென்மையானது. பின்னாலிருந்து தண்ணீர் அழுத்தும்போது கெட்டியான சிமென்ட் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழ வாய்ப்பு உண்டு. குமிழ் குமிழாக இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு கிடைக்கிறது. அதைச் சுவரில் பொருத்தினால் சுவருக்கும் அதற்கும் நடுவில் சிறு இடைவெளி நிற்கும். கசியும் தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி, அடியில் வைத்த வாய்க்காலில் ஓடி, வெளியேயோ சிறு குழிக்கோ போகும். குழியிலிருந்து இறைக்க வேண்டியிருந்தால் தானியங்கிப் பம்பு தேவைப்படும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு மாற்றும் யோசித்து வையுங்கள். விரிப்புக்கு முன்னால் சட்டம் கட்டிப் பலகை அடித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் அந்தச் சுவரில் ஒரு படம் மாட்டக்கூட விரிப்பு வரை ஆணி போகக் கூடாது.

இன்னொன்று: ஒன்பது அங்குலச் சுவர் அரை மீட்டர் மண்ணைத் தாங்கி நிற்கிறது. நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, படுக்கைவாட்டில் விரிசல் இருந்தாலோ, வேறு எதற்கும் முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

வலப்பக்கச் சுவரின் நடுத்திட்டைப் படித்ததும்தான், கால்நடை கட்டிய இடம் என்று நீங்கள் எழுதியது எவ்வளவு உதவி என்று தோன்றியது. இந்தத் தகவலைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வருடக்கணக்கில் சாணமும் மூத்திரமும் பட்ட சுவரில் நைட்ரேட் உப்புகள் ஊறிக் கிடக்கும். அவற்றின் குணம், காற்றில் உள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக் கரைவது. சமையலுக்குப் போடும் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வரும்போதுதான் கசியத் தொடங்குகிறது. கால்சியம் நைட்ரேட் 25 டிகிரி வெப்பத்தில் 50 சதவீதத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். அதாவது ஒரு சொட்டு மழை படாமலே, ஒரு குழாயும் கசியாமலே, புழுக்கமான நாளில் அந்தத் திட்டு நனையும். வறண்ட நாளில் காய்ந்து வெள்ளையாகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். கால்நடை உரசி நின்ற உயரம்தான் அந்தத் திட்டின் உயரமாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு வெளியே எதை அடைத்தாலும் பயன் இல்லை, உப்பு உள்ளே இருக்கிறது. அந்தப் பகுதியின் சிமென்ட் பூச்சை, திட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் சேர்த்துக் கொத்தி எடுங்கள். செங்கல்லைக் காயவிடுங்கள். காயக் காய உப்பு வெளியே பூக்கும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த தாளில் பிடித்து, வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். பூஞ்சைக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர்: உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பல வாரம் இப்படிச் செய்த பிறகு சுண்ணாம்பும் மணலும் சேர்த்த பூச்சு ஒன்று போடுங்கள், பட்டி வேண்டாம். அந்தப் பூச்சு எஞ்சிய உப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஓரிரு வருடத்தில் அது பொரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியிருக்கலாம். அதற்காகவே போடும் பூச்சு அது என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், சுவரைவிட்டு 5 செ.மீ. தள்ளிச் சட்டம் கட்டிப் பலகை அடித்து, மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு இடம் விடுவது நேர்மையான மாற்று.

ஒப்பந்ததாரரின் கருவியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு முள் குத்திப் பார்க்கும் அந்தக் கருவி அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை. மரத்துக்காக அளவு குறித்த கருவி அது, மரத்தில் நன்றாகவே வேலை செய்யும். உப்பு ஊறிய செங்கல்லில் ஈரம் குறைவாக இருந்தாலும் அது காட்டும் அளவு உச்சிக்குப் போகும். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருவி காட்டியதை மட்டும் வைத்து நான்கு சுவரிலும் துளை போட முடிவு செய்யக் கூடாது.

சீலிங்கில் விடிகாலை சொட்டுவது கூரை ஒழுகல் இல்லை. தெளிந்த வானம் உள்ள இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அறையின் ஈரக்காற்று சீலிங்கின் விளக்குத் துளை, ஓர இடுக்கு வழியாக மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. அறையில் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீர் விடும். தகரத்தின் அடியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடிக்காத நுரைத் தகடு போடுங்கள், இணைப்புகளை டேப் ஒட்டி மூடுங்கள். சீலிங்கின் மேல் வெப்பம் தடுக்கும் பஞ்சு மட்டும் பரப்பினால் பஞ்சுதான் நனைந்து தொங்கும். பஞ்சு போட்டே ஆக வேண்டுமென்றால், அதற்குக் கீழே அறையின் ஈரம் ஏறாதபடி விரிப்பு ஒன்றும், மேலே தகரம் வரை குறைந்தது 5 செ.மீ. காற்று ஓடும் இடைவெளியும், அந்தக் காற்று நுழையவும் வெளியேறவும் கூரையின் இரு ஓரங்களிலும் திறப்பும் வேண்டும். ஆள் ஏறும்போதே தகரத்தின் திருகாணிகளில் உள்ள ரப்பர் வாஷர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் வெடித்துப் போனவற்றை மாற்றிவிடலாம்.

அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பூஞ்சையும் இதே குடும்பம். தூங்கும் ஒருவரின் மூச்சும் வியர்வையும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் தண்ணீரைக் காற்றில் சேர்க்கின்றன. எட்டு மணி நேரத்தில் 300 கிராமுக்கு மேல். உங்கள் அறையின் உயரம் 2.7 மீட்டர் என்று கொண்டால், 25 டிகிரியில் அந்த அறைக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய ஈரமே ஒன்றேகால் லிட்டர்தான். எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு தூங்கினால் ஒரே இரவில் அதில் கால் பங்கு ஏறிவிடுகிறது. சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் காற்று அசையாது, சுவரும் குளிர்ந்திருக்கும். பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு அது போதும். அலமாரியைச் சுவரைவிட்டு 5 முதல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒரு சுவரில் கீழே காற்று நுழைய வழியும், எதிர்ச்சுவரில் மேலே எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கட்டும். ஈரத்துணியை அந்த அறையில் காயப்போட வேண்டாம்.

ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எப்போதும் சரியில்லை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்தக் காற்று 26 டிகிரிப் பரப்பிலேயே நீராகப் படியும். உங்கள் தரையும் மண்ணை ஒட்டிய சுவரும் 25 டிகிரியில் இருந்தால், ஜன்னல் வழியாகவே ஓதத்தை அழைத்து வருகிறீர்கள். அப்படிப்பட்ட நாளில் சாத்தி வைத்து, ஈரம் இழுக்கும் கருவியை ஓடவிடுவது நல்லது. வெளிக்காற்று வறண்டிருக்கும் நேரம் பார்த்துத் திறங்கள்.

தரை விஷயத்தில் நீங்கள் எதுவும் குறை சொல்லவில்லை, ஆனால் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு போட்டீர்களா என்று எழுதவில்லை. ஒரு மூலையில் டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்து, கான்கிரீட் மேல் கெட்டிப் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தால் தரை வழியே ஈரம் ஏறுகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றில் இருந்து படிந்தது. ஏறுகிறது என்றால் அவசரப்பட்டுத் தரையை உடைக்காதீர்கள். வெளி வடிகால் வேலை முடிந்து சில மாதம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். பல இடங்களில் அதுவே போதுமானதாக இருக்கும். அப்போதும் நிற்கவில்லை என்றால் புதுத் தரைதான்: கெட்டித்த மண், 10 செ.மீ. ஜல்லி, கல் குத்திக் கிழிக்காதபடி 5 செ.மீ. மணல், 300 மைக்ரான் விரிப்பு, அதன் மேல் 10 செ.மீ. கான்கிரீட். விரிப்பின் இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று 30 செ.மீ. ஏறி, டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஓரங்கள் சுவரில் 15 செ.மீ. மேலேற வேண்டும், தரைக்கும் சுவருக்கும் நடுவில் விடும் ஒரு விரல் இடைவெளிதான் பிறகு வருடம் முழுக்கக் கசியும்.

சுவரின் உள்பூச்சுக்கு வருவோம். பின்சுவரில் உப்புக் கோட்டுக்கு மேல் இன்னும் ஒரு முழம் வரை சிமென்ட் பூச்சையும் பட்டியையும் பெயர்த்துவிடுங்கள். வெளி வடிகால் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும், இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. ஓர் அங்குல கனம் உலர ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. உங்கள் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம். மின்விசிறியும் ஈரம் இழுக்கும் கருவியும் கொஞ்சம் முன்னே பின்னே ஆக்கும். ஹீட்டரை வைத்து வேகமாகச் சுட வேண்டாம், மேற்பரப்பு வெடிக்கும். வெற்றுச் செங்கல் பார்க்க நன்றாக இருக்காது, தூசியும் கொட்டும், மகளுக்கு அறை இல்லாமல் கஷ்டமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றாம் மாதத்திலேயே பூசி மூடிவிட்டு அடுத்த வருடம் மறுபடி கொத்துபவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. உலர்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடிப்பும் போதும். அவை ஆவியை மறிக்காது. பிளாஸ்டிக் படலம் போல் ஒட்டும் எமல்ஷனைத் தவிருங்கள். வெளிப்பக்கமும் சிமென்ட் பூச்சு இருந்து அதில் விரிசல் ஓடியிருந்தால் அதையும் எடுத்துச் சுண்ணாம்பில் பூசுங்கள். விரிசல் வழியே உள்ளே போகும் மழை, பூச்சுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு உள்பக்கமாகத்தான் வெளியேறப் பார்க்கும்.

கடைசியாக, மருந்து ஏற்றும் வேலை. ஒரே மட்டத்தில் ஓடும் காரை வரிசையில் 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ. இடைவெளியில் போட்டு, தண்ணீரை விலக்கும் சிலேன் க்ரீமை நிரப்புவார்கள். அது காரைக்குள் பரவி, மண்ணிலிருந்து ஏறும் தண்ணீரை அந்த வரிசையோடு நிறுத்தும். செங்கல் சுவரில் முறையாகச் செய்தால் பலன் தரும் வேலைதான். ஆனால் அந்த வரிசைக்கு மேலே வெளி மண் இருந்தால் அதன் தலைக்கு மேலாகவே தண்ணீர் நுழையும், அதனால் இடப்பக்கச் சுவருக்கு அது பயன்படாது. வலப்பக்கத் திட்டுக்கும், சீலிங்குக்கும், அலமாரிப் பூஞ்சைக்கும் அதோடு சம்பந்தமே இல்லை. மிஞ்சுவது பின்சுவர் ஒன்று. அங்கே வாய்க்கால் மாட்டி, மண்ணை எடுத்து, மட்டத்தைக் குறைத்து, ஒரு முழு மழைக்காலம் கடந்த பின்னும் ஈரம் பென்சில் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்தச் சுவருக்கு மட்டும் அதே ஒப்பந்ததாரரிடம் விலை கேளுங்கள். வெளி மண்ணிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் உள்ள காரை வரிசையிலேயே துளை போட வேண்டும், செங்கல்லில் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.